கல்லின் பெயரைக் கல்லே சொல்லும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"விண்ணிலிருந்து விழுந்த கல்லை எப்படி அடையாளம் காண்பது? அதை எப்படி வகைப்படுத்துகிறார்கள்?" என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி. இதெல்லாம் வானியல் படித்தவர்களுக்கான விஷயம், நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஆனால் துவாஸில் வேலை பார்க்கும் எனக்கு இது பழக்கப்பட்ட கேள்வி. உலோகங்களைப் பரிசோதிக்கும் கூடத்தில் வேலை என்பதால், "அண்ணே, இந்தக் கல்லைக் கொஞ்சம் பாருங்கண்ணே" என்று தம்பிகள் கொண்டுவருவது உண்டு. கல் கறுப்பாக இருக்கும். கையில் வாங்கினால் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருக்கும். மேலே ஒரு பளபளப்பு. காந்தத்தைக் காட்டினால் இழுக்கும். "வானத்திலிருந்து விழுந்ததுன்னு சொல்றாங்க. ஊருக்குக் கொண்டுபோனா லட்சக்கணக்கில் போகுமாம், உண்மையாண்ணே?" என்பார்கள்.

அந்தத் தம்பிகளுக்கு நான் சொல்வதைத்தான் இங்கேயும் சொல்லப்போகிறேன். கண்ணால் பார்த்தோ, காந்தத்தை வைத்தோ, யாரோ சொன்னதைக் கேட்டோ ஒரு கல்லுக்குப் பெயர் வைக்க முடியாது. அதற்குள் இருக்கும் கனிமங்களை அளந்து பார்த்தால், அந்தக் கல்லே தன் பெயரைச் சொல்லிவிடும். எங்கே பிறந்தது, எவ்வளவு சூட்டைத் தாங்கியது, அதன் உறவுக்காரர்கள் யார் என்பதையும் சொல்லிவிடும்.

துவாஸின் கறுப்புக் கல்

முதலில் துவாஸில் கிடைக்கும் கல்லைப் பார்ப்போம். துவாஸின் பெரும்பகுதி கடலைத் தூர்த்து உருவாக்கிய நிலம். ஆகவே அங்கே காலில் தட்டுப்படும் கல் பெரும்பாலும் அங்கேயே பிறந்ததாக இருக்காது. லாரியிலோ படகிலோ எங்கிருந்தோ வந்து சேர்ந்ததாகத்தான் இருக்கும்.

கப்பல் பட்டறையில் வேலை செய்தவர்களுக்கு 'பிளாஸ்டிங்' என்றால் தெரியும். கப்பலின் உடம்பில் பிடித்த துருவையும் பழைய சாயத்தையும் அகற்ற, காற்றழுத்தத்தால் கறுப்புப் பொடியை வீசி அடிப்பார்கள். சிங்கப்பூர்க் கப்பல் பட்டறைகளில் இதற்காக நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது தாமிரக் கசடு. தாமிரம் உருக்கும் ஆலையில் தாமிரம் போக மிஞ்சுவதுதான் அது. இரும்பு உருக்கும் உலையிலும் கசடு வரும். அதைச் சாலை போடக்கூடப் பயன்படுத்துகிறார்கள்.

கசடும் நெருப்பில் உருகி ஆறிய பொருள். விண்கல்லின் மேல்தோலும் காற்று மண்டலத்தில் உருகி ஆறியதுதான். ஆகவே வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் குழப்பம் வருவது இயற்கை. ஆனால் விண்கல்லில் உருகுவது மேல்தோல் மட்டுமே. அந்தத் தோல் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. உள்ளே இருக்கும் கல்லைச் சூடு தொடுவதில்லை. கசடோ முழுவதும் உருகியது. உடைத்துப் பார்த்தால் அடுப்பில் பொங்கிய பாகு போலக் காற்றுக் குமிழிகள் தெரியும். கல் விண்கற்களில் அப்படிக் குமிழிகள் இருப்பது மிக அரிது.

இது முதல் சல்லடை மட்டும்தான். உண்மையான சோதனை இனிமேல்தான் வருகிறது. அதை விளக்க, நம்மில் பலருக்குப் பழக்கமான ஓர் ஊருக்குப் போக வேண்டும்.

சூளகிரியில் விழுந்தது

கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே நெடுஞ்சாலையில் உள்ள ஊர் சூளகிரி. 2008ஆம் ஆண்டு செப்டம்பர் 12ஆம் தேதி காலையில் அங்கே இடி போன்ற ஓசையுடன் வானத்திலிருந்து கற்கள் விழுந்தன. கிடைத்த துண்டுகளின் மொத்த எடை சுமார் 110 கிலோ. இரண்டு ஆட்கள் சேர்ந்தாலும் தூக்கத் திணறும் அளவு.

ஆய்வுக்குப் பிறகு அந்தக் கல் அனைத்துலக விண்கல் பதிவேட்டில் 'சூளகிரி, எல்.எல்.6' என்று இடம்பெற்றது. ஊரின் பெயர் புரிகிறது. விண்கல் எந்த ஊருக்குப் பக்கத்தில் கிடைக்கிறதோ அந்த ஊரின் பெயரையே அதற்கு வைப்பது முறை. ஆனால் எல்.எல். என்றால் என்ன? 6 என்றால் என்ன? இந்த இரண்டையும் புரிந்துகொண்டால் வகைப்படுத்தும் கலையில் பாதி புரிந்துவிடும்.

பூந்தி லட்டும் விண்கல்லும்

பூமியில் விழும் விண்கற்களில் மிகப் பெரும்பாலானவை கல் வகை. முழு இரும்பாக விழுபவை சில. கல்லும் இரும்பும் கலந்தவை இன்னும் குறைவு. கல் வகையில் பெரும்பாலானவற்றை 'காண்ட்ரைட்' என்கிறார்கள். 'காண்ட்ரோஸ்' என்றால் கிரேக்க மொழியில் தானியமணி. இந்தக் கற்களுக்குள் கடுகு அளவிலும் அதைவிடச் சிறிதாகவும் உருண்டைகள் இருக்கும். அவற்றுக்குக் 'காண்ட்ரூல்' என்று பெயர்.

பூந்தி லட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாகப் பொரித்தெடுத்த பூந்திகளைச் சேர்த்துப் பிடித்தால் லட்டு. அதுபோல, சூரியனைச் சுற்றியிருந்த தூசும் வாயுவுமான மேகத்தில் உருகித் துளித்துளியாக உறைந்த உருண்டைகள் பிறகு ஒன்றுசேர்ந்து கல்லாயின. இது நடந்து சுமார் 456 கோடி ஆண்டுகள் ஆகின்றன. பூமியில் எரிமலையோ உலையோ இத்தகைய கல்லை உண்டாக்குவதில்லை. ஆகவே காண்ட்ரூலைக் கண்டால் பாதி வழக்கு முடிந்துவிட்டது என்று பொருள்.

இதைப் பார்க்கக் கல்லை மெல்லிய சீவலாக அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் கனம் வரும்வரை தேய்ப்பார்கள். அவ்வளவு மெலிந்த பிறகு கல் ஒளியை ஊடுருவ விடும். நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு கனிமமும் தன் நிறத்தைக் காட்டும்.

இரும்புக் கணக்கு

இப்போது எல்.எல். என்பதற்கு வருவோம். சாதாரணக் காண்ட்ரைட்டுகளில் மூன்று குடும்பங்கள் உண்டு. எச், எல், எல்.எல். எச் என்பது அதிக இரும்பு. எல் என்பது குறைந்த இரும்பு. எல்.எல். என்பது மொத்த இரும்பும் குறைவு, அதிலும் உலோகமாக இருக்கும் இரும்பு மிகக் குறைவு என்பதைக் குறிக்கிறது.

ஒரு குடும்பத்தின் சம்பளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தச் சம்பளம் எவ்வளவு என்பது ஒரு கணக்கு. அதில் கையில் ரொக்கமாக இருப்பது எவ்வளவு, வீட்டில் முடங்கியது எவ்வளவு என்பது இன்னொரு கணக்கு. கல்லிலும் அப்படித்தான். சில இரும்பு உலோகத் துணுக்குகளாகத் தனியே நிற்கும். அது ரொக்கம். மற்ற இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கனிமங்களுக்குள் முடங்கிவிடும்.

எச் வகைக் கல்லில் மொத்த இரும்பு சுமார் 27 விழுக்காடு. எல் வகையில் சுமார் 22 விழுக்காடு. எல்.எல். வகையில் 19 அல்லது 20 விழுக்காடு. உலோகத் துணுக்குகளின் அளவோ எச் வகையில் 15 விழுக்காட்டுக்கும் மேல் போகும். எல்.எல். வகையில் 1 முதல் 3 விழுக்காடுதான். சூளகிரியின் 110 கிலோவில் மொத்தமாக 20 கிலோவுக்கு மேல் இரும்பு இருக்க வேண்டும். ஆனால் உலோகமாகத் தனியே நிற்பது மூன்று கிலோவைத் தாண்டாது.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். காந்தம் இழுப்பது பெரும்பாலும் அந்த உலோகத்தைத்தான். எல்.எல். கல்லில் உலோகம் குறைவு என்பதால் உண்மையான விண்கல்லே காந்தத்துக்கு அரைமனதோடுதான் வரும். தாமிரக் கசட்டிலோ மேக்னடைட் என்ற காந்தக் கனிமம் இருப்பதால் அது ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். காந்தத்தை மட்டும் நம்பியவர் சூளகிரிக் கல்லை வீசிவிட்டுக் கசட்டை வீட்டுக்குக் கொண்டுபோவார்!

லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் கனிமத் துறையில் இருந்த ஜார்ஜ் பிரையர் 1916இல் ஓர் ஒழுங்கைச் சுட்டிக்காட்டினார். காண்ட்ரைட்டில் உலோகம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு அந்த உலோகத்தில் நிக்கல் கூடும். கனிமங்களுக்குள்ளும் இரும்பு கூடும். ரொக்கம் குறைந்தால் வீட்டில் முடங்கியது கூடுகிறது என்பதுதானே! 1953இல் அமெரிக்காவில் ஹெரால்ட் யூரியும் ஹார்மன் கிரெய்க்கும் நூற்றுக்கணக்கான பழைய வேதியியல் கணக்குகளை வடிகட்டிப் பார்த்தபோது, கற்கள் அதிக இரும்பு, குறைந்த இரும்பு என இரண்டு கூட்டமாகப் பிரிந்து நின்றன. எல்.எல். என்ற மூன்றாவது குடும்பம் பின்னால் தனியாக அடையாளம் காணப்பட்டது.

100 இருக்கைகள் உள்ள மண்டபம்

ஒரு கல் முழுவதையும் கரைத்துப் பார்த்துத்தான் இரும்புக் கணக்கு எடுக்க வேண்டுமா? வேண்டியதில்லை. ஒரே ஒரு கனிமத்தைக் கேட்டால் போதும். அதன் பெயர் ஆலிவின். நகைக்கடையில் பெரிடாட் என்று விற்கும் பச்சைக் கல் இதே கனிமம்தான்.

ஆலிவினை 100 இருக்கைகள் உள்ள மண்டபமாக நினையுங்கள். அந்த இருக்கைகளில் மெக்னீசியமும் உட்காரலாம், இரும்பும் உட்காரலாம். இருவருக்கும் அளவு ஏறத்தாழ ஒன்று. 100 இருக்கைகளில் எத்தனையில் இரும்பு உட்கார்ந்திருக்கிறது என்று எண்ணினால் வருவதுதான் ஃபயலைட் எண்.

எச் வகையில் அந்த எண் 16 முதல் 20 வரை. எல் வகையில் 22 முதல் 26 வரை. எல்.எல். வகையில் 27 முதல் 32 வரை. ஆலிவினின் பக்கத்து வீட்டுக்காரரான பைராக்சின் என்ற கனிமத்திலும் இதே கணக்கைப் போட்டு, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார்கள். இரண்டு சாட்சிகளும் ஒரே மாதிரி சொன்னால்தான் தீர்ப்பு.

எண்ணும் கருவிக்கு மின்னணு நுண்பகுப்பான் என்று சொல்லலாம். 1951இல் பாரிசில் ரேமண்ட் காஸ்டாங் என்ற ஆய்வாளர் தம் முனைவர் பட்டத்துக்காக உருவாக்கியது. மின்னணுக் கற்றையை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள புள்ளியில் பாய்ச்சினால், அங்குள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய எக்ஸ்கதிரை வெளிவிடும். அதை அளந்தால் எந்தத் தனிமம் எவ்வளவு என்பது தெரிந்துவிடும். ஒரு கல்லில் பல மணிகளைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

இப்போது நம் துவாஸ் கசட்டை அதே கருவியில் வையுங்கள். தாமிரக் கசட்டின் முக்கியக் கனிமமும் இதே ஆலிவின் குடும்பம்தான்! உருக்கும்போது தாமிரத் தாதுவில் உள்ள இரும்பு, சேர்த்த மணலோடு இணைந்து ஃபயலைட் ஆகிறது. ஆனால் அங்கே மண்டபத்தில் பெரும்பாலான இருக்கைகளை இரும்பே பிடித்துக்கொண்டிருக்கும். எண் 30 அருகில் நிற்காது, அதைத் தாண்டி எங்கோ போய்விடும். கசட்டுக்குள் உலோகத் துளி இருந்தால் அதில் நிக்கலையும் பாருங்கள். விண்கல்லின் இரும்பில் 5 விழுக்காடு அல்லது அதற்கு மேல் நிக்கல் இருப்பது வழக்கம். உலைக்கசட்டின் இரும்பில் அப்படி இருப்பதில்லை. கறுப்பு, கனம், காந்தம் மூன்றும் ஒத்துப்போன இரண்டு கற்கள் இந்த இரண்டு எண்களில் பிரிந்துவிடுகின்றன.

இன்னும் ஐயம் இருந்தால் ஆக்சிஜனைக் கேட்கலாம். ஆக்சிஜனில் எடை 16, 17, 18 என மூன்று வகை உண்டு. 1973இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கிளேட்டனும் அவரது குழுவினரும், சில விண்கற்களில் இந்த மூன்றின் விகிதம் பூமியின் கற்களிலிருந்து அடிப்படையாகவே மாறுபடுவதைக் காட்டினார்கள். கல் எந்த மேகத்துண்டில் பிறந்தது என்பதை அந்த விகிதம் மறைக்க முடியாமல் சொல்லும்.

ஒரே மாவு, இரண்டு பக்குவம்

இனி 6 என்ற எண். இது இரும்பைப் பற்றியது அல்ல, சூட்டைப் பற்றியது. 1967இல் வான் ஷ்மஸ், வுட் என்ற இரு ஆய்வாளர்கள் வகுத்த படிநிலை. 3 என்றால் பிறந்தபடியே அதிகம் சூடேறாமல் இருக்கும் கல். 4, 5, 6 எனப் போகப்போகச் சூடு அதிகம். 6ஆம் படியில் உள்ள கல் 800 டிகிரிக்கும் மேல் வெந்திருக்கும், ஆனால் உருகியிருக்காது. 1, 2 என்ற எண்கள் தண்ணீர் பட்டு மாறிய கற்களுக்கு.

இதைப் புரிந்துகொள்ளத் தமிழ்நாட்டிலேயே இரண்டு கற்கள் இருப்பது நம் அதிர்ஷ்டம். 1857 பிப்ரவரி 28ஆம் தேதி மதுரைச் சீமையில் இரண்டு கற்கள் விழுந்தன. பதிவேட்டில் அதன் பெயர் பர்னலி. எடை 78 கிலோவுக்கு அருகில். அதுவும் எல்.எல். குடும்பம்தான். ஆனால் படி 3. சூளகிரி 6.

இரண்டும் ஏறத்தாழ ஒரே மாவு. பர்னலியை அறுத்துப் பார்த்தால் பூந்திகள் ஒவ்வொன்றும் தனியாகத் தெரியும். ஒரு மணியின் ஆலிவின் எண் ஒன்றாக இருக்கும், பக்கத்து மணியின் எண் வேறாக இருக்கும். ஒவ்வொரு துளியும் தன் பிறந்த கணக்கை அப்படியே வைத்திருக்கிறது. சூளகிரி போன்ற 6ஆம் படிக் கல்லில், நெடுநாள் சூட்டில் இரும்பும் மெக்னீசியமும் இடம்மாறி இடம்மாறி, எல்லா மணிகளிலும் எண் ஒன்றாகிவிடும். பூந்தியின் விளிம்பு கரைந்து எது உருண்டை, எது மாவு என்று பிரிக்க முடியாமல் போகும். நுண்ணிய ஃபெல்ஸ்பார் மணிகள் வளர்ந்து, நுண்ணோக்கியில் தெளிவாகத் தெரியும் அளவுக்குப் பெரிதாகும்.

அடுப்பில்லாத விண்வெளியில் இந்தச் சூடு எங்கிருந்து வந்தது? அலுமினியம்-26 என்ற கதிரியக்கப் பொருள் அதற்கு முக்கியக் காரணம். சுமார் 7 லட்சம் ஆண்டுகளில் பாதியாகக் குறைந்துவிடும் பொருள் அது. சூரியக் குடும்பத்தின் தொடக்கத்தில் அது கற்பாறைகளுக்குள் இருந்து உள்ளிருந்தே வேகவைத்தது. 1996இல் ராஜஸ்தானில் பிப்லியா கலான் என்ற இடத்தில் விழுந்த வேறொரு வகைக் கல்லில் இந்த அலுமினியம் விட்டுச்சென்ற தடயத்தை, அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த விஞ்ஞானிகள் 1999இல் எடுத்துக்காட்டினார்கள். ஒரு முழுப் பாறையையே உருக்கும் அளவுக்கு இந்தச் சூடு இருந்திருக்கலாம் என்பதற்கு அது முக்கியமான சான்று.

உறவினரைத் தேடி

பெயர் வைப்பதால் என்ன பயன் என்று கேட்கலாம். பெயர் தெரிந்தால் உறவு தெரியும். ஜப்பானின் ஹயபுசா விண்கலம் 2005இல் இத்தோக்காவா என்ற சிறுகோளில் இறங்கி, 2010 ஜூன் மாதம் அதன் தூசைப் பூமிக்குக் கொண்டுவந்தது. கண்ணுக்கே தெரியாத துகள்கள். அவற்றின் ஆலிவினை அளந்தபோது, எண்கள் எல்.எல். குடும்பத்தோடு பொருந்தின. 2011இல் இது வெளியானது. அதாவது ஜப்பானியர் கோடிக்கணக்கில் செலவு செய்து, 7 ஆண்டு காத்திருந்து எடுத்துவந்த பொருளின் நெருங்கிய உறவினர், கிருஷ்ணகிரி மாவட்டத்து மண்ணில் தானாக வந்து விழுந்தது!

அதே குடும்பத்தில் கோபக்காரர் ஒருவரும் உண்டு. 2013 பிப்ரவரி 15ஆம் தேதி ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகர வானில் சுமார் 20 மீட்டர் அகலமுள்ள பாறை வெடித்தது. சன்னல் கண்ணாடி உடைந்து சுமார் 1,500 பேர் காயமடைந்தார்கள். அங்கே கிடைத்த கற்கள் எல்.எல்.5. ஆகவே இந்தக் குடும்பக் கற்கள் எவ்வளவு கெட்டி, எந்த அழுத்தத்தில் நொறுங்கும் என்று தெரிந்துகொள்வது நகரங்களின் பாதுகாப்புக்கும் தேவை. இத்தோக்காவாவே பூமிக்கு அருகில் வந்துபோகும் சிறுகோள்தான்.

தவறான பெயரின் விலை

இனி நான் இங்கே பேச வந்ததன் முக்கியப் பகுதி. 2016 பிப்ரவரி 6ஆம் தேதி, அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த நாட்றம்பள்ளி அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரி வளாகத்தில் ஏதோ வெடித்தது. பேருந்து ஓட்டுநர் ஒருவர் இறந்தார். வேறு சிலர் காயமடைந்தார்கள். விண்கல் விழுந்து இறந்தார் என்று அரசு அறிவித்தது. உலகச் செய்தித்தாள்கள் எல்லாம் அதைப் போட்டன. ஆனால் படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், இது தரையில் நடந்த வெடிப்பைப் போலவே இருக்கிறது என்று ஐயம் தெரிவித்தார்கள். இன்றுவரை அந்த இடத்துக் கல் எதுவும் விண்கல்லாக அனைத்துலகப் பதிவேட்டில் ஏறவில்லை.

இதில் கல் மட்டும்தானா சம்பந்தப்பட்டிருக்கிறது? இறந்தவர் ஒரு குடும்பத்தின் தலைவர். விண்கல் என்று சொல்லிவிட்டால் யாரும் பொறுப்பில்லை. வானத்தின் மீது பழி போட்டால் பூமியில் விசாரணை நின்றுவிடும். அங்கே எது வெடித்தது என்று நான் சொல்ல வரவில்லை. கனிமங்களின் எண்ணைப் பார்க்கும் முன்பே பெயர் வைத்தால் என்ன நடக்கும் என்பதைத்தான் சொல்கிறேன்.

நம் துவாஸையே பாருங்கள். 2021 பிப்ரவரி 24ஆம் தேதி ஒரு தொழிற்கூடத்தில் நடந்த வெடிவிபத்தில் மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். பலர் தீக்காயம் அடைந்தார்கள். விசாரணைக் குழு அமைந்தது. பொது விசாரணை நடந்தது. கலவை இயந்திரத்தில் இருந்தும், காற்றில் பரவிய மாவுத்தூளில் இருந்தும் தீ எப்படிப் பரவியது என்று பொருளைப் பொருளாகப் பரிசோதித்தார்கள். போன உயிர் திரும்பாது. ஆனால் காரணம் தெரிந்தால்தான் அடுத்த உயிரைக் காக்க முடியும். பரிசோதனை என்பது வெறும் படிப்பாளிகளின் பொழுதுபோக்கு அல்ல. அது செத்தவனுக்கும் உயிரோடு இருப்பவனுக்கும் செய்யும் நியாயம்.

இரிடியம் என்ற பெயரில்

இன்னொரு விலை, பணம். தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக நடக்கும் மோசடி ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு பழைய தாமிரக் கலசம். இடி விழுந்து இரிடியமாக மாறிவிட்டது என்பார்கள். அரிசியை இழுக்கும் என்பார்கள். வெளிநாட்டு விண்வெளி நிறுவனம் கோடிகளில் வாங்கும் என்பார்கள். அதற்கு முன் பரிசோதனைக் கட்டணம், பாதுகாப்பு உடைக்குக் கட்டணம் என்று கறந்துவிடுவார்கள். சில இடங்களில் கலசத்துக்குப் பதிலாகக் கறுப்புக் கல். வெளிநாட்டில் சம்பாதிக்கும் தம்பிகளுக்குத்தான் முதலில் போன் வரும்.

இதற்குப் பதில் ஓர் எண். இரிடியம் உண்மையிலேயே விண்கல்லில் உண்டு. பூமியின் மேற்பரப்புக் கற்களோடு ஒப்பிட்டால் அதிகமாகவே உண்டு. ஆனால் எவ்வளவு? சாதாரணக் காண்ட்ரைட்டில் 10 லட்சத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. சூளகிரியின் 110 கிலோ முழுவதையும் பொடித்துப் பிரித்தாலும் கிடைக்கும் இரிடியம் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூட வராது. இடி விழுந்து தாமிரம் இரிடியமாக மாறுவது நடக்காத காரியம். இந்த ஒரு கணக்கை உங்கள் கைப்பேசியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை போன் வரும்போது உதவும்.

கல் கிடைத்தால் என்ன செய்வது?

உண்மையாகவே சந்தேகத்துக்குரிய கல் கிடைத்தால் சில காரியங்கள் செய்யுங்கள். எடுக்கும் முன் கிடந்த இடத்திலேயே படம் எடுங்கள். இடத்தையும் நாளையும் நேரத்தையும் எழுதுங்கள். கழுவாதீர்கள். எண்ணெய், மஞ்சள், குங்குமம் எதுவும் வேண்டாம். தண்ணீர் பட்டால் உலோகம் துருப்பிடிக்கும். சக்திவாய்ந்த காந்தத்தை ஒட்டாதீர்கள். அந்தக் கல் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் காத்துவந்த பழைய காந்தப் பதிவு ஒரு நொடியில் அழிந்துவிடும். சுத்தமான பையில் போட்டு, உலர்ந்த இடத்தில் வையுங்கள்.

இந்தியாவில் கிடைத்தால் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குச் சொல்லலாம். விண்கற்களைப் பாதுகாக்கும் பொறுப்பு அவர்களுடையது. இங்கே பல்கலைக்கழகங்களில் புவி அறிவியல் கற்பிக்கும் துறையினரைக் கேட்கலாம். புதிய விண்கல்லைப் பதிவு செய்ய வேண்டுமானால் 20 கிராமை, அல்லது மொத்த எடையில் 20 விழுக்காட்டை, எது குறைவோ அதை, ஒரு ஆய்வு நிறுவனத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது அனைத்துலக விதி. எவனோ ஒருவன் சொன்னான் என்று பதிவு ஆகாது. வேறொருவர் எடுத்துப் பார்த்தாலும் அதே எண் வர வேண்டும்.

கல் கொண்டுவரும் தம்பிகளிடம், இது கசடுதான் என்று சொல்லும்போது அவர்கள் முகம் வாடும். நான் அவர்களிடம் சொல்வது இதுதான். நீ கொண்டுவந்தது 456 கோடி ஆண்டுக் கல் இல்லை. ஆனால் நீ கையில் பணம் கொடுப்பதற்கு முன் கேட்டாயே, அது பெரிய காரியம். மற்றவர்களிடமும் சொல். ஒருவன் வந்து "இது வானத்துக் கல்" என்று சத்தியம் செய்தால், அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேள்: ஆலிவின் எண் எவ்வளவு?

பதில் வராவிட்டால் பர்சை மூடிவிடு.